பழைய வண்டிதான் கெட்டி: வாதத்தில் தோற்காமலிருக்கப் பத்துப் பாடங்கள்

மயிலாப்பூரில் கார் பற்றிப் பேசுகிறவர்களில் இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சியின் வாசலில் அம்பாஸிடரோ ஃபியட்டோ ஹெரால்டோ தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நிற்கிறது. நிற்காவிட்டால், ஒரு காலத்தில் நின்றது. மற்றக் கட்சியின் வாசலில் ஆறு ஏர்பேக்கும் அறுபது மாதத் தவணையுமாக ஒரு புது வண்டி நிற்கிறது. மார்கழியில் சபா கேண்டீன், மற்ற மாதங்களில் கல்யாணப் பந்தி, அடையாறு காந்தி நகரில் காலை நடை, பார்க்கிங் தேடிப் பனகல் பூங்காவைச் சுற்றிச் சுற்றி வரும் காரின் பின்சீட்டு: இவையெல்லாம் இரண்டு கட்சிகளும் மோதிக்கொள்ளும் இடங்கள். விஷயம் ஒன்றே. மோதினால் எது தாங்கும்?

இந்தக் கையேடு பழைய கட்சிக்காக எழுதப்பட்டது. புதுக் கட்சிக்குக் கையேடு தேவையில்லை. அவர்களுக்கு யூடியூப் இருக்கிறது. கீழே உள்ள பாடங்களை வரிசை தவறாமல் பின்பற்றினால் நீங்கள் எந்த வாதத்திலும் தோற்க மாட்டீர்கள். எதிராளி என்ன சொல்லி மடக்கக்கூடும் என்பதையும் அங்கங்கே எச்சரிக்கையாகச் சேர்த்திருக்கிறோம். அந்தப் பகுதிகளைப் படித்தவுடன் மறந்துவிடுவது உத்தமம்.

பாடம் 1: வாயைத் திறக்கும் முன் தட்டுங்கள்

வாதத்தைக் கையால் தொடங்க வேண்டும். பாத்திரக் கடையில் அண்டா வாங்குகிறவர் விரல் முட்டியால் தட்டி ஓசை கேட்பதுபோல, அம்பாஸிடரின் மட்கார்டில் இரண்டு தட்டு தட்டுங்கள். 'டங்' என்று கேட்கும். அதே விரலால் புதுக் கட்சிக்காரனான உங்கள் மருமான் வண்டியின் கதவில் தட்டுங்கள். 'டப்' என்று கேட்கும். அடுத்து அவன் பானெட்டின் நடுவில் பெருவிரலை வைத்து அழுத்துங்கள். தகரம் உள்ளே போய்த் திரும்பி வரும். "பார்த்தியாடா, டப்பா!" என்று சொல்லிவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடையுங்கள். புதுப்பேட்டையில் பழைய சாமான் விற்கும் யாரைக் கேட்டாலும் "அந்தக் காலத்துத் தகரம் கேஜே வேற சார்" என்பார். அது உண்மை. உண்மையிலிருந்து தொடங்குவது எந்த வாதத்துக்கும் நல்லது.

எச்சரிக்கை: வெளித்தோலைத் தட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அவன் கதவைத் திறந்து, கூரையைத் தாங்கும் தூண்களையும் கதவுக்குக் கீழே ஓடும் கனத்த விளிம்பையும் காட்ட ஆரம்பித்தால் பேச்சை மாற்றுங்கள். இன்றைய காரின் பலம் வெளித்தகட்டில் கிடையாது. சூடாக்கி அழுத்தி வடித்த உயர்வலிமை எஃகால் ஆன கூண்டு ஒன்று உள்ளே ஆட்களைச் சுற்றி நிற்கிறது. நீங்கள் பெருவிரலால் அழுத்தியது அந்தக் கூண்டுக்கு மேல் போட்ட சட்டையை. பிளாஸ்டிக் பம்பரும் அப்படியே. அது ஒரு மூடி. உத்தரம் பின்னால் இருக்கிறது. இதையெல்லாம் தட்டினால் ஓசை வராது என்பது நமக்கு அனுகூலம்.

பாடம் 2: 'சேஸிஸ்' என்று சொல்லிவிட்டு இடைவெளி விடுங்கள்

"அதெல்லாம் சேஸிஸ் வண்டிடா." இந்த ஒரு வாக்கியம் போதும். சொல்லிவிட்டுக் காபியை ஆற்றுங்கள். கேட்பவர் மனத்தில் லாரிக்கு அடியில் ஓடும் இரண்டு இரும்பு உத்தரங்கள் தோன்றிவிடும்.

எச்சரிக்கை: அம்பாஸிடருக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது. அது பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையின் வார்ப்பு. பாடியே எலும்புக்கூடும் ஆகும் வகை. அதாவது, மருமான் வண்டி எந்த ஜாதியோ அதே ஜாதி. உத்தரபாரா ஆலையில் 1950களின் கடைசியில் தொடங்கி 2014 மே மாதம் வரை அப்படித்தான் செய்தார்கள்.

சேஸிஸ் வேண்டுமென்றால் நம்மூர்ப் பக்கமே ஒன்று இருந்தது. வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் ஆலையில் 1961 முதல் செய்த ஹெரால்டுக்கு உண்மையான தனிச் சேஸிஸ் உண்டு. பாடியைத் துண்டு துண்டாக அதன்மேல் போல்டு போட்டு முடுக்கியிருப்பார்கள். ஆனால் இந்தத் தகவலையும் பாதியோடு நிறுத்துங்கள். இங்கிலாந்தில் அந்த வண்டிக்குச் சேஸிஸ் வந்தது கெட்டிக்காக அல்ல. பாடி அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்த ஆலையைப் போட்டிக் கம்பெனி விலைக்கு வாங்கிவிட்டது. ஒரே துண்டாகப் பாடி அடித்துக் கொடுக்க வேறு ஆள் அகப்படாததால், துண்டுகளாகச் செய்து சேஸிஸில் முடுக்க வேண்டியதாயிற்று.

பாடம் 3: எதிராளியை நீங்களே தேர்ந்தெடுங்கள்

"அம்பாஸிடரும் புது வண்டியும் மோதினால்" என்று பொதுவாகப் பேசாதீர்கள். "அம்பாஸிடரும் மாருதி 800ம்" என்று பேசுங்கள். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்த நாளிலிருந்துதான் நம் ஊரில் 'டப்பா' என்ற பட்டமே நிலைத்தது. அதன் எடை சுமார் 650 கிலோ. அம்பாஸிடர் 1,100 கிலோவுக்கு முன்னே பின்னே. நேருக்கு நேர் முட்டினால் லேசான வண்டிதான் அதிகமாகத் தூக்கியடிக்கப்படும். இங்கே பௌதிகமே உங்கள் பக்கம். லஸ் கார்னரில் நின்று தைரியமாகச் சொல்லலாம்.

ஆனால் கனம் வேறு, கெட்டி வேறு. கனமான வண்டி எதிரே வரும் லேசான வண்டியைத் தள்ளும். ஆலமரத்தையோ மேம்பாலத் தூணையோ தள்ளாது. அங்கே தன் கனத்தை எல்லாம் தானே வாங்கிக்கொள்ள வேண்டும். போதாக்குறைக்கு, இன்று தி.நகரில் பாதி வாசல்களில் நிற்கும் குட்டி எஸ்.யூ.வி.கள் பலவும் அம்பாஸிடருக்குச் சமமான அல்லது கூடுதலான எடை. ஆகவே எதிராளியாக மாருதி 800ஐயே வைத்துக்கொள்ளுங்கள். அதன் உற்பத்தியும் 2014இல் நின்றுவிட்டது. பதில் சொல்ல வராது.

பாடம் 4: எந்தக் கதையிலும் வேகத்தைச் சொல்லாதீர்கள்

பழைய கட்சியின் பொக்கிஷம் அதன் கதைகள். கச்சேரி ரோட்டில் மாட்டு வண்டி முட்டியது, வண்டிக்கு ஒரு கீறல் இல்லை. மாட வீதியில் ரிவர்ஸ் எடுத்தபோது தேரடிக் கல்லில் இடித்தது, கல்தான் நகர்ந்தது. எல்.பி. ரோட்டில் பல்லவன் பஸ் பின்னால் தொட்டது, பஸ்ஸின் விளக்கு உடைந்தது. இவை எல்லாம் நடந்தவையாகவே இருக்கட்டும். கேட்பவர் "எத்தனை ஸ்பீடுல மாமா?" என்றால் மட்டும் காது கேட்காததுபோல் இருங்கள்.

ஏனென்றால் மோதலின் சக்தி வேகத்தோடு மட்டும் கூடுவதில்லை. வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். 20 கிலோமீட்டர் வேகத்தைவிட 60இல் மூன்று மடங்கு அடி விழும் என்று நினைப்போம். விழுவது ஒன்பது மடங்கு. உயரக் கணக்கில் சொன்னால் இன்னும் விளங்கும். 20 கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் மோதுவது சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து வண்டியோடு விழுவதற்குச் சமம். காம்பவுண்டு சுவர் உயரம். 30இல் மூன்றரை மீட்டர். மோதல் சோதனைகளில் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் 64 கிலோமீட்டரில் 16 மீட்டர், ஐந்து மாடி.

நம் கதைகள் எல்லாம் காம்பவுண்டு சுவர் உயரத்தில் நடந்தவை. அந்தக் காலத்து மவுண்ட் ரோடிலும் மாட வீதியிலும் அதற்குமேல் பறக்க இடமோ அவசரமோ இருக்கவில்லை. ஈ.சி.ஆரும் ஓ.எம்.ஆரும் அகன்ற சாலைகளானது பிற்பாடு. ஒன்றரை மீட்டரில் தாங்கிய வண்டியை ஐந்து மாடிக்குச் சிபாரிசு செய்கிறோம் என்பது வெளியே தெரியக் கூடாது.

பாடம் 5: சேதக் கணக்கை வண்டியோடு முடித்துவிடுங்கள்

இது மிக முக்கியமான பாடம். விபத்து என்று காதில் விழுந்ததும் முதல் கேள்வி "வண்டிக்கு என்ன ஆச்சு?" என்பதாக இருக்கட்டும்.

மருமான்: "ஆட்டோ லேசா உரசினான் மாமா. பம்பர், ஹெட்லைட், கிரில் மூணும் மாத்தணுமாம். ஜீரோ டெப் போட்டும் கையிலேர்ந்து கொஞ்சம் கட்டணும்."

நீங்கள்: "எங்க ஃபியட்டா இருந்தா டிங்கர் ரெண்டு தட்டு தட்டி, பட்டி பார்த்து, சாயங்காலம் அனுப்பியிருப்பான்."

இந்தக் கட்டத்தில் வாதம் முடிந்துவிட வேண்டும். நீடித்தால் ஆபத்து. "வண்டி நசுங்கலேன்னா அந்த அடி எங்கே போச்சு மாமா?" என்று கேட்டுவிடுவான். மோதலில் சக்தி ஆவியாகிப் போவதில்லை. முன்பக்கம் வாங்கிக்கொள்ளாததை உள்ளே இருப்பவர் வாங்கிக்கொள்கிறார்.

கணக்கு இப்படி. 64 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி, மூக்கு அறுபது சென்டிமீட்டர் நசுங்கி நின்றால், பெல்ட்டோடு அதில் கட்டுண்டிருக்கும் 60 கிலோ ஆள் மேல் சராசரியாக ஒன்றரை டன்னுக்குச் சற்று மேலான விசை இறங்கும். எலும்பு முறியலாம், ஆள் பிழைக்க வழியுண்டு. அதே வண்டி கெட்டியாக நின்று இருபது சென்டிமீட்டரே நசுங்கினால் அது ஐந்து டன்னை நெருங்கும். வண்டி மிச்சப்படுத்திய நாற்பது சென்டிமீட்டருக்கு ஆள் மூன்று மடங்கு கட்டுகிறார். எந்த ஜீரோ டெப் பாலிசியும் ஈடுகட்டாத நஷ்டம் அது.

மூக்கு நசுங்கி அடியை வாங்கட்டும் என்ற யோசனையை முதலில் வடிவமைப்பாக்கியவர் மெர்சிடிஸ் பென்ஸில் இருந்த பேலா பாரெனி என்ற பொறியாளர். நடுவில் ஆட்கள் இருக்கும் கூண்டு இறுகியிருக்கட்டும், முன்னும் பின்னும் திட்டமிட்டு நசுங்கட்டும் என்று 1950களின் தொடக்கத்திலேயே காப்புரிமை வாங்கினார். 1959இல் அந்த யோசனையோடு கார் வெளிவந்தது. மருமான் வண்டியின் மூக்கு அப்பளமாவது தரக்குறைவால் என்று நீங்கள் சொல்லலாம். அது அப்பளமாவதற்கென்றே பல வருஷம் உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

பாடம் 6: பழைய வண்டிக்குள் யாரையும் எட்டிப் பார்க்க விடாதீர்கள்

அம்பாஸிடரின் உட்புறத்தைப் புகழ்ந்து பேசலாம், காட்டக் கூடாது. முன்னால் பெஞ்சு சீட்டு. ஸ்டியரிங்கை ஒட்டிய கியர். டிரைவருக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர், ஒருவர் மடியில் குழந்தை. பின்னால் பாட்டி உட்பட நான்கு பேர், டிக்கியில் புளியோதரைத் தூக்கு. திருப்பதி போய் வந்த அந்தப் பயணத்தைச் சொன்னால் எல்லோர் கண்ணும் கலங்கும்.

அந்தப் பெஞ்சில் பெல்ட் இல்லை. தலைக்குப் பின்னால் தாங்கல் இல்லை. எதிரே இரும்பு டாஷ்போர்டு. டிரைவரின் நெஞ்சுக்கு நேராக, அடி விழுந்தால் மடங்காத ஒற்றை இரும்புத் தண்டின் நுனியில் ஸ்டியரிங். வண்டி நின்றாலும் உள்ளே இருப்பவர் அதே வேகத்தில் போய்க்கொண்டிருப்பார், டாஷ்போர்டு வரும் வரை. வண்டி எவ்வளவு சட்டென்று நிற்கிறதோ, அவ்வளவு வேகம் மீதமிருக்கும். மடிக் குழந்தையைக் கையால் பிடித்து நிறுத்தும் பலம் எந்தத் தாய்க்கும் கிடையாது.

வால்வோவில் நில்ஸ் போலின் மூன்று முனை சீட் பெல்ட்டை வடித்ததும் 1959இல்தான். கம்பெனி அந்தக் காப்புரிமையை மற்றவர்களும் பயன்படுத்தத் திறந்துவிட்டது. உத்தரபாராவுக்கும் சேர்த்துத்தான்.

பாடம் 7: வெளிநாட்டு வீடியோ வந்தால் துருவைப் பிடித்துக்கொள்ளுங்கள்

என்றாவது ஒரு நாள் மருமான் போனை நீட்டுவான். 2009இல் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு இன்ஷூரன்ஸ் நிறுவனம் தன் ஐம்பதாம் ஆண்டுக்கு எடுத்த சோதனைப் படம். ஒரு பக்கம் 1959 செவர்லே பெல் ஏர், மறுபக்கம் 2009 செவர்லே மாலிபு. எடையில் இரண்டும் ஏறத்தாழ சமம். இரண்டும் 64 கிலோமீட்டர் வேகத்தில் ஓரம் பார்த்து நேருக்கு நேர் மோதுகின்றன. பெல் ஏரின் கூண்டு குலைந்து ஸ்டியரிங் டிரைவர் மேல் ஏறுகிறது. ஆளாக இருந்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார் என்பது முடிவு. மாலிபுவின் டிரைவர் காலில் காயத்தோடு இறங்கியிருப்பார்.

நீங்கள் பதற வேண்டாம். மறுப்புகள் தயாராக உள்ளன. "துரு பிடிச்ச வண்டிடா." "எஞ்சினைக் கழட்டிட்டு மோத விட்டிருக்கான்." அமெரிக்காவில் உள்ள நம் கட்சிக்காரர்களும் இதையே சொன்னார்கள். எஞ்சின் இருந்தது என்று நிறுவனம் விளக்கியது. விளக்கத்தை யார் படிக்கிறார்கள்?

"அது ஐம்பது வருஷ வண்டி, நியாயமா?" என்றும் கேட்கலாம். ஆனால் அப்போது அவன் 2016 படத்தைக் காட்டுவான். மெக்ஸிகோவில் அன்று ஷோரூமில் புதிதாக விற்றுக்கொண்டிருந்த நிசான் ட்சுருவை, அதே கம்பெனி அமெரிக்காவில் விற்ற சிறிய கார் ஒன்றோடு மோதவிட்டார்கள். ட்சுரு புத்தம் புது வண்டிதான். வரைபடம் மட்டும் கால் நூற்றாண்டு பழையது. அதன் கூண்டு மடிந்துபோனது. காரின் வயது ஆர்.சி. புத்தகத்தில் இல்லை, வரைபடத்தில் இருக்கிறது என்பது அந்தப் படத்தின் செய்தி. 2013இல் வாங்கிய அம்பாஸிடரைப் 'புது வண்டி' என்று சொல்லிக்கொண்டிருப்பவர்கள் இந்தப் படத்தைத் தவிர்க்கவும்.

பாடம் 8: சரித்திரத்தை 2014 ஜனவரியில் நிறுத்துங்கள்

இப்போது நீங்கள் தாக்க வேண்டிய நேரம். 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியாவில் விற்ற ஐந்து சின்ன கார்களை 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டது. நானோ, ஆல்டோ 800, ஐ10, ஃபிகோ, போலோ. ஐந்துக்கும் பெரியவர் பாதுகாப்பில் பூஜ்ய நட்சத்திரம். இதில் ஐ10 நம் இருங்காட்டுக்கோட்டைப் பிள்ளை, ஃபிகோ மறைமலை நகர்ப் பிள்ளை. ஒரகடத்தில் பிறந்த க்விட்டுக்கும் 2016இல் முதல் சோதனையில் பூஜ்யமே வந்தது. "உன் புது வண்டிக்கு முட்டை மார்க்குடா!" என்று சொல்ல இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்காது. ஐந்து கார் பட்டியலில் அம்பாஸிடர் இல்லை. பரீட்சைக்குப் போகாதவர் ஃபெயில் ஆனதாகச் சரித்திரம் இல்லை.

இதற்குப் பின் நடந்தவற்றைப் பேசக் கூடாது. அந்த ஐந்திலேயே ஃபிகோவுக்கும் போலோவுக்கும் கூண்டு நிலைகுலையவில்லை. ஏர்பேக் இல்லாததால் பூஜ்யம் வாங்கின. ஏர்பேக்கோடு மறுபடி மோதிய போலோவுக்கு நான்கு நட்சத்திரம் வந்தது. 2017 அக்டோபர் முதல் புது மாடல்களும், 2019 அக்டோபர் முதல் எல்லாக் கார்களும் 56 கிலோமீட்டர் வேக மோதலில் தேற வேண்டும் என்று சட்டம் வந்தது. 2018 டிசம்பரில் நெக்ஸானுக்கு ஐந்து நட்சத்திரம் கிடைத்தது. 2019 ஜூலை முதல் டிரைவருக்கு ஏர்பேக் கட்டாயமானது. 2023 அக்டோபர் முதல் பாரத் என்கேப் என்று நாமே நட்சத்திரம் போடுகிறோம். கார்களை மோதவிட்டுப் பார்க்கும் ஆய்வு மையம் ஒன்று ஒரகடத்திலேயே இருக்கிறது. க்விட் பிறந்த அதே ஊர்.

ஆக, 2014 வரை சொல்லுங்கள். அதற்குமேல் கேட்டால் மோர்க்குழம்பு பற்றிப் பேசுங்கள்.

பாடம் 9: தோற்கும் நிலை வந்தால், புது வண்டியைப் பழைய வண்டியாக்குங்கள்

எதிரியை வெல்ல முடியாவிட்டால் அவன் வண்டியை மாற்றிவிட வேண்டும். இதற்குக் கார்ச் சாமான் கடைகள் உள்ள ஜி.பி. ரோடு இருக்கிறது. அங்கே போய் முன்னால் ஒரு கனத்த இரும்பு பம்பர், அதாவது கிராஷ் கார்டு, போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். "ஆட்டோக்காரன் பயப்படுவான்டா" என்பது காரணம். மூக்கு நசுங்கித் தாங்க வேண்டிய அடியை அந்தக் குழாய் நேரே உள்ளே கொண்டுபோய்ச் சேர்க்கும். ஏர்பேக் சென்சார் எப்போது விரிவது என்று குழம்பும். பேலா பாரெனியின் வாழ்நாள் வேலையை அரை மணியில், இரண்டு ஸ்பேனரில் ரத்து செய்துவிடலாம். 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு இதைச் சட்டவிரோதம் என்று மாநிலங்களுக்கு எழுதிவிட்டது என்பதைச் சொல்ல வேண்டாம்.

அடுத்தது, பெல்ட் போடாவிட்டால் 'பீப் பீப்' என்று கத்தும் சத்தத்தை அடக்கும் கிளிப். பெல்ட்டுக்குப் பதில் அதைச் சொருகிவிட்டால் கார் நம்பிவிடும். 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து ஆன்லைன் கடைகளுக்கு இதை விற்கக் கூடாது என்று உத்தரவிட்டதால், பதின்மூவாயிரத்துக்கும் மேற்பட்ட விற்பனைப் பக்கங்கள் நீக்கப்பட்டன. அத்தனை பேர் நம் கட்சிக்கு ரகசியமாக வேலை செய்திருக்கிறார்கள்.

பின்சீட்டில் பெல்ட் போடுவது மரியாதைக் குறைவு என்ற எண்ணத்தையும் வளர்த்து வாருங்கள். 2022 செப்டம்பர் 4 அன்று பால்கர் அருகே தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்த விபத்தில், அவர் அமர்ந்திருந்தது எல்லா வசதியும் உள்ள உயர்ரகக் காரின் பின்சீட்டில். பெல்ட் போட்டிருக்கவில்லை என்றது போலீஸ். காருக்குள் இருந்த எல்லா எஃகும் எல்லாக் கணக்கும், முன்சீட்டின் முதுகு எதிரே வரும் அந்த ஒரு கணத்துக்கு உதவாது. பெல்ட் போடாதவருக்கு எல்லா வண்டியும் 1959ஆம் ஆண்டு வண்டியே.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மோதலில் தப்பித்தவர்கள் எல்லோரும் பழைய வண்டியைத்தானே புகழ்கிறார்கள்?
ஆமாம். தப்பிக்காதவர்களுக்கு சபா கேண்டீனில் டோக்கன் கிடைப்பதில்லை.

பழைய வண்டியை விற்றுவிடச் சொல்கிறீர்களா?
ஒருக்காலும் இல்லை. ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கடற்கரைச் சாலையில் முப்பதில் ஓட்டிப் போய், முண்டகக்கண்ணி அம்மன் கோயில் தெருவில் ஓர் ஓரமாக நிறுத்தித் துடைத்து வைப்பதற்கு அதைப்போல வண்டி கிடையாது. அதில் பேரனைப் பின்னால் உட்கார வைத்து ஓ.எம்.ஆரில் எண்பதில் போவதுதான் கூடாது.

அப்படியானால் ஐந்து நட்சத்திர வண்டியில் நூறில் போகலாமா?
நட்சத்திரம் 64 கிலோமீட்டர் சோதனைக்குக் கொடுத்தது. நூறில் விழும் அடி அதைப்போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு. அந்த வேகத்துக்கு யாரும் நட்சத்திரம் போட்டுத் தரவில்லை.

வெளியே நிற்பவர்களுக்கு எந்த வண்டி நல்லது?
இந்தக் கேள்வியை இரண்டு கட்சியும் கேட்பதில்லை. நீங்களும் கேட்காதிருப்பது நல்லது. 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் நூற்றுக்கு நாற்பத்துநான்கு பேருக்கு மேல் இரண்டு சக்கர வண்டியில் போனவர்கள். ஏறத்தாழ இருபது பேர் நடந்து போனவர்கள். நம் கேண்டீன் வாதத்தில் அவர்களுக்கு நாற்காலி இல்லை. அவர்கள் பக்கமிருந்து பார்த்தால் குரோம் பூசிய இரும்பு பம்பர் முழங்காலுக்கு என்ன செய்யும் என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நீங்கள் டப்பா என்று சிரித்த பிளாஸ்டிக் மூடியும், பெருவிரலுக்கு வளைந்த பானெட்டும், மேலே விழும் ஆளின் காலுக்கும் தலைக்கும் கொஞ்சம் இடம் கொடுப்பதற்காகவும்தான் வளைகின்றன. புதுக் கட்சியும் துள்ள வேண்டாம். நெஞ்சு உயரத்துக்கு மூக்கைத் தூக்கி நிற்கும் பெரிய எஸ்.யூ.வி. ரங்கநாதன் தெரு முனையில் திரும்பும்போது அதன் ஐந்து நட்சத்திரமும் உள்ளே ஏசியில் இருப்பவருக்கு. வெளியே பூக்கூடையோடு நிற்பவருக்கு அல்ல.

அப்போது இரண்டு கட்சிக்கும் பொதுவாக என்ன வழி?
2023 நவம்பரில் சென்னைப் போக்குவரத்துப் போலீஸ் காருக்கு 60, குடியிருப்புத் தெருக்களில் 30 என்று வேக வரம்பு போட்டது. முப்பதில் அம்பாஸிடரும் பிழைக்கும், ஐந்து நட்சத்திரமும் பிழைக்கும், பூக்காரம்மாவும் பெரும்பாலும் பிழைப்பார். வாதம் மட்டும் செத்துவிடும். ஆகவே நம் கட்சி இதைப் பரிந்துரைக்கவில்லை.

பாடம் 10: வெற்றிக்குப் பிந்தைய ஏற்பாடுகள்

மேற்கண்ட ஒன்பது பாடங்களையும் வாதத்தோடு நிறுத்தாமல் ஓட்டுவதிலும் கடைப்பிடிப்பவர்கள், வண்டியின் ஆர்.சி., இன்ஷூரன்ஸ், புகைச் சான்று மூன்றையும் ஒரே கவரில் போட்டு, வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் வைப்பது நல்லது. உரிமையாளர் காலமானால் வாரிசு முப்பது நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்துவிட்டு, மூன்று மாதத்துக்குள் படிவம் 31இல் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். இறப்புச் சான்றிதழ் அவசியம். மயிலாப்பூர்ப் பக்கத்தவர் மந்தைவெளி அலுவலகம், அடையாறுப் பக்கத்தவர் திருவான்மியூர் அலுவலகம் என்று முகவரி பார்த்துப் போக வேண்டும். படிவத்தை நிரப்பும்போது உங்கள் மருமான் வண்டியின் நிலை பற்றிக் கவலைப்பட வேண்டியிராது. டிங்கர் இரண்டு தட்டு தட்டி, பட்டி பார்த்து, சாயங்காலத்துக்குள் அனுப்பிவிடுவார்.